ஏலத்தில் வராத பொருள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன மாதம் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, பசங்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுங்க" என்றார். வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி என்று பேச எனக்குத் தகுதி இல்லை. அதைப் பேசத் தகுதியுள்ளவர்கள் இந்த மேடையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைப் பேசுகிறேன். நான் ஏலத்தில் எடுத்த ஒரு பழைய போலீஸ் வண்டியைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் அந்த வண்டிக்குள் நம் பாடப்புத்தகத்தில் பாதி இருந்தது. புத்தகத்தில் இல்லாத ஒன்றும் இருந்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய பொருளின் மதிப்பு தெரிந்த ஊர் நம் ஊர். முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு மணி நேரம் நடந்தால் போதும். பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குச்சட்டி, பித்தளை அண்டா, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வாங்கிய வெள்ளிச் செம்பு எல்லாம் கிடைக்கும். அண்டாவில் பழைய உரிமையாளரின் முன்னெழுத்து வெட்டியிருக்கும். நாம் காசு கொடுத்து வாங்கிவிட்டால் அந்த அண்டா நம்முடையது. அதில் பாயசம் வைக்கலாம், தண்ணீர் பிடிக்கலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எல்லாப் பழைய பொருளும் இப்படித்தானா? இல்லை என்பதை அந்த வண்டி எனக்குக் காட்டியது.

2012-ல், வெளியூர் வேலையெல்லாம் முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்தேன். தேவகோட்டை ரோட்டுக்கு உள்ளே தள்ளி எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. உர மூட்டை ஏற்றவும் மண்பாதையில் போகவும் ஒரு வண்டி வேண்டியிருந்தது. நாளிதழில் ஓர் அறிவிப்பு பார்த்தேன். கழிவு செய்யப்பட்ட காவல்துறை வாகனங்கள், ஆயுதப்படை மைதானத்தில் பொது ஏலம், முன்வைப்புத் தொகை இவ்வளவு, உள்ளது உள்ளபடி விற்கப்படும் என்று. எந்த மாவட்டம் என்பது இங்கே வேண்டாம்.

ஏல மைதானம் என்பது பார்க்க வேண்டிய ஒரு காட்சி. வரிசையாக ஜீப்புகள், வேன்கள், இரண்டு பழைய அம்பாசிடர்கள், மோட்டார் சைக்கிள்கள், எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பில் எண். வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் பழைய இரும்பு வியாபாரிகள். அவர்கள் வண்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, எடையைக் கண்ணாலேயே போட்டுவிடுவார்கள். நான் ஒரு பொலேரோவுக்குக் கை தூக்கினேன். பத்து வருஷம் ஓடிய வண்டி. இன்ஜின் நன்றாக இருந்தது. கிடைத்துவிட்டது. பணம் கட்டி, ரசீது வாங்கி, காகித வேலையெல்லாம் முடித்து ஊருக்கு ஓட்டி வந்தேன்.

அரசு வண்டி என்பதைப் பதிவு எண்ணில் வரும் 'ஜி' வரிசையை வைத்தே நம்மூரில் கண்டுபிடித்துவிடலாம். அந்த எண் மாறினாலும் வண்டி தன் பழைய உத்தியோகத்தை மறப்பதில்லை. மாலை வெயில் சாய்வாக விழும்போது கதவைப் பார்த்தால், 'காவல்' என்ற எழுத்து தெரியும். ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டார்கள். ஆனால் அதைச் சுற்றியிருந்த வண்ணம் பத்து வருஷ வெயிலில் வெளுத்திருக்கிறது, எழுத்துக்குக் கீழே இருந்த வண்ணம் வெளுக்கவில்லை. எழுத்தை எடுத்தாலும் எழுத்தின் நிழல் நின்றுவிட்டது.

வண்டி வந்த ஐந்தாம் நாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி இறங்கிப் போயிருந்தது. சார்ஜ் ஏற்றிப் போட்டேன். ஓடியது. நாலு நாள் நிறுத்தி வைத்தால் மறுபடியும் அதே கதை. எங்கள் வீட்டில், "போலீஸ் வண்டியில்ல, ரிட்டயர்மெண்டுக்கு அப்புறம் தூங்குது" என்றார்கள்.

மாணவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நல்ல வண்டியைப் பூட்டி நிறுத்தினால் பேட்டரியிலிருந்து போகும் மின்னோட்டம் சாதாரணமாக 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். நான் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 0.4 ஆம்பியர் காட்டியது. சின்னத் தொகைதானே என்று தோன்றும். ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 0.4 பெருக்கல் 24, 9.6 ஆம்பியர்-மணி. பேட்டரி 80 ஆம்பியர்-மணி. நாலு நாளில் ஏறக்குறைய பாதி போய்விடும். அதுவும் பழைய பேட்டரி. டீசல் வண்டியின் ஸ்டார்ட்டர் ஒரே இழுப்பில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். அது எப்படிக் கொடுக்கும்?

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது மீட்டர் இறங்குகிறதோ அந்தச் சர்க்யூட்டில் கோளாறு. நான் எல்லாப் பியூஸையும் பிடுங்கிவிட்டேன். மீட்டர் அசையவில்லை. அப்படியென்றால் பொருள் என்ன? பியூஸ் பெட்டிக்கே தெரியாமல் யாரோ பேட்டரியிலிருந்து நேராக ஒரு லைன் இழுத்திருக்கிறார்கள். வண்டியைச் செய்த கம்பெனியின் ஒயரிங் படத்தில் அது இருக்காது. அந்த வண்டிக்குள் இன்னொரு வண்டி ஒளிந்துகொண்டிருந்தது.

நூறடி சாலைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் உண்டு. பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை. ஆனால் ஒயரைத் தொட்டுப் பார்த்தே அது எங்கே போகும் என்று சொல்லிவிடுவார். அவர் பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்தோம். டேஷ் போர்டைக் கழற்றினோம். ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன.

முதலாவது, கூரை விளக்கின் ஒயர். சுழல் விளக்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒயரை வெட்டி, முனையில் டேப் சுற்றி, கூரைத் துணிக்குள் தள்ளியிருந்தார்கள். அந்த ஒயரில் அப்போதும் 12 வோல்ட் உயிரோடு இருந்தது. நடுவில் பியூஸ் கிடையாது. கூரைத் தகட்டில் உரசி உரசி மேல் உறை பாதி தேய்ந்திருந்தது. முழுதும் தேய்ந்து தகட்டைத் தொட்டிருந்தால், தலைக்கு மேலே தீ.

இரண்டாவது, முன் கிரில்லுக்குப் பின்னால் ஒரு கூம்பு ஒலிபெருக்கி. அதற்கான சைரன் பெட்டி ஓட்டுநர் காலுக்கு மேலே, யார் கண்ணிலும் படாத இடத்தில் இருந்தது. ஸ்விட்ச் பலகையைப் பிடுங்கிவிட்டு, தொங்கிய ஒயர் முனைகளை யாரோ 'சுத்தமாக' இருக்கட்டும் என்று ஒன்றோடொன்று முறுக்கி வைத்திருந்தார்கள். அதனால் இரண்டு ரிலேக்கள் எந்நேரமும் இழுத்துப் பிடித்த நிலையிலேயே இருந்தன. ஒவ்வொன்றும் 0.15 ஆம்பியர். சைரன் பெட்டி சும்மா விழித்திருக்க இன்னொரு 0.1. கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும்.

மூன்றாவது, வயர்லெஸ் வைத்திருந்த இரும்புத் தாங்கியும் அதிலிருந்து கூரைக்குப் போகும் கேபிளும். செட்டை எடுத்துவிட்டார்கள். கூரை நடுவில் ஆன்டெனா நின்ற அடிப்பாகம் மட்டும் இருந்தது. ஏன் நடுவில் ஓட்டை போடுகிறார்கள்? ஆன்டெனாவுக்குக் கூரைத் தகடுதான் தரை. அலைவரிசை 150 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 2 மீட்டர், அதில் கால் பங்கு அரை மீட்டர். அந்த அரை மீட்டர்க் கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் தகடு சமமாக இருந்தால் எல்லாத் திசைக்கும் பேச்சு சமமாகப் போகும். அழகான கணக்கு. ஆனால் கம்பியை எடுத்த பிறகு பித்தளை அடிப்பாகமும் இரும்புக் கூரையும் மழைத்தண்ணீரும் சேர்ந்து அங்கே ஒரு மின்கலத்தையே கட்டிவிட்டன. அதில் கரைவது எப்போதும் இரும்புதான். அடிப்பாகத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் துரு. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரில், இந்தத் துருவுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு 15 லட்ச ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பர் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

நான்காவது, பின் இருக்கைக்கு அடியில் ஒரு தேங்காய் நார்க் கயிறு, காலியான முதலுதவிப் பெட்டி, மடித்து மடித்துப் பலகை போல் ஆகிவிட்ட ஒரு வெள்ளைத் துணி. துணியில் பழைய கறை. என்ன கறை என்று அன்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது சைரனுக்கு வருகிறேன். அந்தப் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க எலக்ட்ரீஷியன் இரண்டு ஒயரைத் தொட்டு வைத்தார். ஒரு விநாடி, இரண்டு விநாடிதான் இருக்கும். ஊளையிட்டது பாருங்கள், பட்டறைப் பையன் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டான். வெளியே ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஒரு லோடு வண்டி, பிரேக் போட்டு ஓரம் கட்டி நின்றது. ஓட்டுநர் இறங்கினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மறு கையில் ஆர்.சி. புத்தகம். பட்டறைக்குள்ளே வந்து, எண்ணெய்க் கையோடு நின்ற எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லண்ணே, டெஸ்ட் பண்ணோம், நீங்க போங்க" என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் யார்? ஓர் உர மூட்டை ஏற்றும் விவசாயி. எனக்காக அந்த மனிதர் ஏன் கைலியை இறக்க வேண்டும்? அந்த மரியாதையும் பயமும் எனக்கு வர வேண்டியவை இல்லை. ஏலத்தில் நான் கட்டிய பணத்துக்கு அது கணக்கில் சேரவே இல்லை. வண்டியை விற்றார்கள், சரி. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருக்கிற அதிகாரத்தை யார் விற்க முடியும்?

அன்று மாலையே என் தங்கை மகன் வந்துவிட்டான். நல்ல பையன்தான். "மாமா, விளக்கு போனாப் போகுது. அந்தச் சைரனை மட்டும் எடுத்துடாதீங்க. மதுரை போகையில டிராபிக்குல ஒரு அமுக்கு அமுக்கினா எல்லாரும் ஒதுங்கிடுவாங்க" என்றான். இன்னொரு நண்பர், அரசியலில் கொஞ்சம் செல்வாக்கு உள்ளவர், அந்தப் பெட்டிக்கு நல்ல விலை தருவதாகச் சொல்லி அனுப்பினார். இருவருக்கும் ஒரே பதில்தான். கொடுப்பதற்கு அது என் பொருள் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்போதுதான் எடுத்துப் படித்தேன். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆம் விதி, பல சுரத்தில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனைச் சாதாரண வண்டியில் பொருத்தக் கூடாது என்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல்துறை போன்ற வண்டிகளுக்குத்தான் விலக்கு. விளக்குகளுக்கு 108-ஆம் விதி. 2013 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் சிவப்பு விளக்கையும் சைரனையும் கண்டபடி பயன்படுத்துவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தித் தீர்ப்பளித்தது. 2017 மே 1 முதல் அமைச்சர்கள் உட்பட எல்லோர் காரிலிருந்தும் சிவப்பு விளக்கு இறங்கியது. அவசரப் பணிக்கும் சட்டம் ஒழுங்குப் பணிக்கும் போகிற வண்டிகளுக்கு மட்டுமே அது என்று ஆனது. வயர்லெஸ் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1933-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். பொது ஊழியர் பயன்படுத்தும் அடையாளப் பொருளை ஏமாற்றும் நோக்கத்தோடு வைத்துக்கொள்வது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 171-வது பிரிவு. 2024 ஜூலை 1-லிருந்து அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவில் 205-வது பிரிவு.

அதே நேரத்தில், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அவசர வாகனத்துக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு சத்தம் கேட்டால் ஒதுங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் குடிமகனுக்குக் கட்டளை போடுகிறது. அப்படியானால் அந்தச் சத்தம் பொய் சொல்லாது என்பதற்கு யாராவது பொறுப்பு ஏற்க வேண்டுமா இல்லையா?

அது பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் சாட்சிகள் உண்டு. 2001 டிசம்பர் 13-ல் நாடாளுமன்ற வளாகத்துக்குள் நுழைந்த ஐந்து பேர் வந்தது ஒரு வெள்ளை அம்பாசிடரில். மேலே சிவப்பு விளக்கு, கண்ணாடியில் உள்துறை அமைச்சகத்தின் பெயரில் போலி ஸ்டிக்கர். வாசலைத் தாண்ட அதுவே போதுமானதாக இருந்தது.

2008 நவம்பர் 26 இரவு, மும்பையில் காமா மருத்துவமனைக்கு அருகே ஹேமந்த் கர்கரே, அசோக் காம்டே, விஜய் சாலஸ்கர் ஆகிய அதிகாரிகளைச் சுட்டுவிட்டு, அவர்களுடைய போலீஸ் குவாலிஸ் வண்டியையே எடுத்துக்கொண்டு போனார்கள். மெட்ரோ சினிமா சந்திப்பில் நின்ற மக்கள் போலீஸ் வண்டி வருகிறது என்றுதான் பார்த்திருப்பார்கள். வண்டியிலிருந்து வந்தது தோட்டா. அதே வண்டியின் பின்னால் குண்டடிபட்டுக் கிடந்தார் அருண் ஜாதவ் என்ற காவலர். அவர்கள் வண்டியை விட்டுப் போனதும், அதிலிருந்த வயர்லெஸ்ஸில்தான் அவர் நடந்ததைச் சொன்னார். ஒரே வண்டி ஒரே இரவில் இரண்டு வேலை பார்த்தது. வண்டிக்கு மனசாட்சி கிடையாது. கையில் வைத்திருப்பவனுக்குத்தான் வேண்டும்.

என் கதைக்கு மிக நெருக்கமானது கனடாவில் நடந்தது. 2020 ஏப்ரல் 18, 19 தேதிகளில் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் ஒருவன் 22 பேரைக் கொன்றான். அரசு ஏலத்தில் கழிவுக்கு விற்ற போலீஸ் கார்களை வாங்கி, அதில் ஒன்றில் விளக்கும் ஸ்டிக்கரும் பொருத்தி, அசல் போலீஸ் காராகவே ஆக்கியிருந்தான். போலீஸ் என்று நம்பி மக்கள் நின்றார்கள். ஒரு காவலரே அதைத் தன் சக காவலரின் கார் என்று நினைத்துக் காத்திருந்தார். சுடப்பட்டார், நல்லவேளையாக உயிர் பிழைத்தார். அடுத்த ஆண்டே அந்த நாட்டு அரசு, கழித்த போலீஸ் வண்டிகளை விற்பதை நிறுத்தி வைத்தது. 22 உயிர் போன பிறகு.

நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பழைய போலீஸ் கார் வாங்குகிறவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்றால் நானும் அதில் சேர்ந்துவிடுவேன். அமெரிக்காவில் போர்டு கம்பெனியின் கிரவுன் விக்டோரியா என்ற கார் 2011 வரைக்கும் உற்பத்தியானது. போலீஸ் வேலை முடிந்ததும் எத்தனையோ கார்கள் டாக்சியாக ஓடிப் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. வாங்கலாம், ஓட்டலாம், அதில் தவறே இல்லை. எதை நம்மோடு வைத்துக்கொள்கிறோம், எதைத் திருப்பித் தருகிறோம் என்பதுதான் கேள்வி.

திருப்பித் தருவதும் லேசான வேலை இல்லை. சைரன் பெட்டி, ஒலிபெருக்கி, வயர்லெஸ் தாங்கி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி, கடிதம் எழுதி, ஓர் அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். எழுத்தர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், வண்டி உள்ளது உள்ளபடி வித்தாச்சு. இந்தச் சாமான் எங்க இருப்புப் பதிவேட்டுலயே இல்ல. இல்லாத சாமானை நான் எப்படி வரவு வைக்கிறது?" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மூன்று தடவை நடந்தேன். மூன்றாம் தடவை ஒரு மூத்த அதிகாரி சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது வெளியே போயிருக்கவே கூடாது" என்று சொல்லி, கைப்பட ஒப்புகைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வண்டிக் காகிதங்களோடு இன்றும் வைத்திருக்கிறேன்.

அந்த வெள்ளைத் துணியின் கதை பிறகு தெரிந்தது. கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தேன். ஒரு பெரியவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவில் கையை வைத்து அந்த எழுத்தின் நிழலைத் தடவினார். "தம்பி, இது நான் ஓட்டுன வண்டி" என்றார். காவல்துறையில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். துணியைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்பல்லாம் 108 கிடையாது தம்பி. ராத்திரி ரோட்டுல அடிபட்டுக் கிடந்தா நாங்கதான் தூக்கணும். ஸ்டிரெச்சர் ஏது? அந்தத் துணியில ரெண்டு பேரு அந்தப் பக்கம், ரெண்டு பேரு இந்தப் பக்கம் பிடிச்சுப் பின்னால படுக்க வைப்போம். சைரனை அமுக்குனா விடுறதே இல்ல. பொழைச்சவங்க உண்டு, வழியிலயே போனவங்களும் உண்டு. சைரன் சத்தம் கேட்டு ஜனங்க ஒதுங்குனாங்களே, அதுலதான் நாலு உசுரு தப்புச்சு."

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது 2008 செப்டம்பர் 15-ல். இவர் சொன்னது அதற்கு முந்தைய காலம். அந்தச் சத்தத்துக்கு மரியாதை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. லோடு வண்டிக்காரர் கைலியை இறக்கியதில் பாதி பயம் இருக்கலாம். மறு பாதி, இப்படிப்பட்டவர்கள் ராத்திரி ராத்திரியாகச் சம்பாதித்து வைத்தது. அதை நான் டிராபிக்கில் செலவு செய்தால், செலவாவது என் காசு இல்லை. நாளைக்கு உண்மையான ஆம்புலன்ஸ் செக்காலை ரோட்டில் ஊளையிட்டு வரும்போது, "எவனோ சும்மா அடிக்கிறான்" என்று நாலு பேர் ஒதுங்காமல் நின்றால், உள்ளே படுத்திருப்பது உங்கள் அப்பாவாக இருக்கலாம், என் பேத்தியாக இருக்கலாம். இங்கிருந்து மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. வழியில் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் விலை உண்டு.

இனி, பயன்படுகிற மாதிரி நாலு வார்த்தை.

பழைய அரசு வண்டி வாங்கும் நண்பர்களுக்கு: 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அவை உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். சட்டம் ஒழுங்குப் பணிக்கான சில சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே வாங்கும் முன் பதிவுத் தேதியைப் பாருங்கள். வாங்கிய பிறகு முதல் வேலையாக, பேட்டரி முனையில் இருந்து கிளம்பும் ஒயர்களை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒன்று இருந்தாலும் அது எங்கே போகிறது என்று கடைசி வரை துரத்துங்கள். வெட்டி டேப் சுற்றாதீர்கள், முழுதாக உருவி எடுங்கள். கூரையில் ஓட்டை இருந்தால் துருவைச் சுரண்டி, தகடு வைத்துப் பற்றவைத்து, அப்புறம் பெயிண்ட் அடியுங்கள். வெறும் பட்டி பூசினால் இரண்டு மழைக்குத் தாங்காது. எடுத்த கருவியைக் கொடுத்துவிட்டு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். கதவில் எழுத்தின் நிழல் இருந்தால் வண்ணம் மாற்றிவிடுங்கள்.

அரசுப் பணியில் இருக்கும் நம் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாகனத்தைக் கழிவு செய்யும்போது இன்ஜின், டயர், பாடி என்று நிலை எழுதுகிறீர்கள். அதோடு இன்னொரு பத்தி சேருங்கள். விளக்கு, சைரன், வயர்லெஸ், ஸ்டிக்கர், ஒயரிங், இவை நீக்கப்பட்டன என்று ஒரு கையெழுத்து. அரை மணி நேர வேலை. அந்தப் பத்தி இருந்திருந்தால் அந்த எழுத்தரும் திண்டாடியிருக்க மாட்டார்.

மாணவர்களுக்கு: நீங்கள் நாளைக்கு ஏதோ ஒரு கருவியை வடிவமைக்கப் போகிறீர்கள். எப்படிப் பொருத்துவது என்று யோசிப்பவர்கள் அதிகம். வேலை முடிந்ததும் எப்படிக் கழற்றுவது என்றும் யோசியுங்கள். அந்த வண்டியில் அவசரக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணைப்பான், ஒரே பியூஸ், ஒரு படம் என்று இருந்திருந்தால், பத்து நிமிஷத்தில் உருவியிருக்கலாம். பொறியியல் ஆய்வகத்தில் இதை ஒரு பயிற்சியாகவே வைக்கலாம். துறைத் தலைவர் அவர்கள் விரும்பினால் என் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தத் தயாராக இருக்கிறேன். ஒயரிங் படம் நானே கையால் வரைந்தது, அதையும் தருகிறேன்.

கடைசியாக ஒன்று. பதவி, நாற்காலி, சைரன் எல்லாம் நம்மிடம் கொஞ்ச காலம் வந்து போகிறவை. இங்கே இருப்பவர்களில் பலர் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஓய்வு பெற்ற அன்று எதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம், எதைத் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று அவரவர் டேஷ் போர்டைக் கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம். மாணவர்களுக்கு இப்போது புரியாது, பின்னால் புரியும்.

 சாப்பாட்டில் கவுனி அரிசி இருப்பதாகச் சமையல்காரர் சொன்னார், அதனால் இதோடு முடித்துக்கொள்கிறேன்.